ஜோபர்க் குளிரில் இரண்டே ஸ்வரம்

ஜூலை 8, 2023, சனி – டர்பன்

ஆடி விஷயத்தில் டர்பன் தமிழர்கள் நம்மைவிடக் கறார். 17ஆம் தேதி ஆடி பிறக்கிறது, அதற்குள் தாலி ஏறியாக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒற்றைக் காலில் நின்றார்கள். அதனால்தான் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஜூலையில் கிளம்பி வந்தேன். இங்கே இது குளிர்காலமாம். அரைக்கைச் சட்டையில் சுற்றிய என்னை, ஸ்வெட்டர் போட்ட அத்தைமார் பாவமாகப் பார்த்தார்கள்.

கல்யாணம் சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயில் மண்டபத்தில். நகருக்குள் குடியிருந்த இந்தியர்களை 1960களில் இன ஒதுக்கல் சட்டத்தைக் காட்டிக் கிளப்பி, கொண்டுவந்து போட்ட இடம் இது. மாப்பிள்ளையின் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் முதல் கூட்டத்தை இங்கே இறக்கியதே, அது கிளம்பியது எங்கள் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து. மாப்பிள்ளைக்குத் தமிழ் நாலு வார்த்தை வரும். ஆனால் அம்மி, மெட்டி, அரசாணிக்கால் எதிலும் குறையில்லை. பூசாரி ஓரிடத்தில் முறையை மாற்றப் போக, முன்வரிசையிலிருந்த ஓர் ஆயா சத்தமாகத் திருத்தினார்.

பந்தியில் காய்கறி பிரியாணி, அதன்மேல் ஊற்றிக்கொள்ளப் பருப்பு. காரம் நம்மூருக்கு ஒரு படி மேலே.

மாலை வரவேற்பில் பாட்டுக் கச்சேரி. பேஸ் கிட்டார் சும்மா சாய்த்து வைத்திருந்தது. கை சும்மா இருக்குமா? போய் நாலு பாட்டு வாசித்தேன். இறங்கி வந்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா தோளைத் தட்டினார். ஜோகன்னஸ்பர்க் பக்கம் பெனோனியில் இருக்கிறாராம். உறவுமுறைக்கு எனக்கு மாமா.

“தம்பி, ஜோபர்க் வர்றியா? வெள்ளிக்கெழம எங்க பேண்டுக்கு பேஸ் ஆள் இல்ல. ஏணிலேருந்து வுழுந்து மணிக்கட்டு போச்சு அவனுக்கு.”

என்ன பேண்ட் என்றேன். கன்ட்ரி மியூசிக் என்றார், அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு. சென்னையில் சினிமாப் பாட்டும் சர்ச்சும் வாசிப்பவனுக்குக் கன்ட்ரி என்றால் பெரம்பூர் ரயில்வே காலனியில் கிறிஸ்துமஸுக்குக் கேட்ட அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ்தான். சுற்றுலா விசாவில் காசு வாங்கக் கூடாதே என்றேன். “காசு யார் குடுக்கறா? சாப்பாடு உண்டு” என்றார். சரி என்றுவிட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு – சாலை

விடியற்காலை நாலு மணிக்கு மாமாவின் பக்கியில் கிளம்பினோம். நம்மூர்ப் பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர். பின்னால் இரண்டு கம்பளி சுற்றிய அவருடைய பெடல் ஸ்டீல் கிட்டார். முன்னால் நாங்கள் இருவர், நடுவே சாப்பாட்டுக் கூடையுடன் அத்தை. என்3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் என்றார்கள்.

வான் ரீனன்ஸ் கணவாயில் ராத்திரி ஆறு லாரிகளைக் கொளுத்திவிட்டார்கள் என்று ரேடியோ சொல்லும்போது நாங்கள் பாதி வழியில் இருந்தோம். நெடுஞ்சாலை அடைப்பு. 2021 ஜூலைக் கலவரம் நடந்து சரியாக இரண்டு வருஷம் ஆகிற வாரம் வேறு. அத்தை பேச்சை நிறுத்திவிட்டு ஃபோனில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார். “நாங்க நல்லாத்தான் இருக்கோம், நீங்க?” இதையே திரும்பத் திரும்ப.

வின்டர்டன் பக்கம் இறங்கி பெர்க்வில், ஒலிவியர்ஸ்ஹூக் கணவாய் வழியாகப் போ என்று திருப்பி விட்டார்கள். என்3இல் போக வேண்டிய அத்தனை வண்டியும் அந்த ஒற்றைச் சாலையில் ஊர்ந்தது. வின்டர்டன் பெட்ரோல் பங்கில் கழிப்பறைக்கு நின்ற வரிசை சாலை வரைக்கும் வந்திருந்தது. அந்த நெரிசலிலும் ஒருவரும் முண்டியடிக்கவில்லை. காக்கி அரைக்கால்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்கார விவசாயி, அந்தக் குளிரில் முழங்கால் தெரிய, ஒவ்வொரு வண்டியாகப் போய் எந்தத் திருப்பத்தில் குழி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் சுங்க ரசீதின் பின்பக்கம் படமே வரைந்து கொடுத்தார். அத்தை அவர் கையில் ஒரு ரொட்டிச் சுருளைத் திணித்தார். உள்ளே உருளைக்கிழங்குக் கறி. அங்கேயே நின்று தின்று முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

கணவாய்க்கு மேலே ஸ்டெர்க்ஃபான்டைன் அணை. டிராகன்ஸ்பெர்க் மலை உச்சிகளில் வெள்ளை. இறங்கிப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தேன். காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. மூடிவிட்டேன்.

பெனோனியில் ஆக்டன்வில் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. தெருவும் இருட்டு. கரண்ட் இல்லை.

ஜூலை 10, திங்கள் – ஆக்டன்வில்

காலையில் அத்தை கதவைத் தட்டிய தட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்து ஓடினேன். வாசலில் பனி பெய்துகொண்டிருந்தது.

ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். குளிர்காலத்தில் கடுங்குளிர் உண்டு, ஆனால் மழை குளிர்காலத்தில் வருவதில்லை. அதனால் பனி விழுவது அபூர்வம். கடைசியாக 2012இல் விழுந்ததாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பைஜாமாவோடு நடுத்தெருவில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். குப்பை வண்டி ஆட்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். எதிர்வீட்டுத் தாத்தா ஒருவர் காரின் மேல் சேர்ந்ததை எவர்சில்வர் தட்டில் வழித்துக் கொண்டுபோய் ஃப்ரீசரில் வைத்தார். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குள் எல்லாம் கரைந்து சேறாகிவிட்டது. உதடு வெடித்து, மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தது. அத்தை தேங்காய் எண்ணெய் கொடுத்தார்.

கரண்ட் விஷயம் சொல்ல வேண்டும். உன் பேட்டையில் எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல ஒரு செயலி இருக்கிறது, எஸ்காம்சேபுஷ். ஊரே அதைப் பார்த்துத்தான் சோறு வடிக்கிறது. 2012இல் தமிழ்நாட்டில் மின்வெட்டோடு குடித்தனம் நடத்தியவன் நான். எனக்கு இது பழகிய கதை. நமக்கு அப்போது வாய்க்காதது இந்த நேரம் தவறாமைதான். எட்டு மணி என்றால் எட்டு மணிக்குப் போகிறது.

ஜூலை 11, செவ்வாய் – ஒத்திகை

பாக்ஸ்பர்க் பக்கம் ஒரு வீட்டின் கார் ஷெட். பேண்டின் தலைவர் எழுபதை நெருங்கும் ஆப்பிரிக்கானர், அதாவது ஆப்பிரிக்கான்ஸ் பேசும் வெள்ளைக்காரர், ஆறடிக்கு மேல். எல்லாரும் அவரை ‘ஊம்’ என்கிறார்கள், நம்மூர் சித்தப்பா கணக்கு. அவர் மகள் பாடுகிறாள். டிரம்ஸ் வாசிப்பவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு ஃபிடில். அப்புறம் எங்கள் மாமா.

உடைந்த மணிக்கட்டுக்காரர் தன்னுடைய பேஸை அனுப்பியிருந்தார். அதில் சொரசொரப்பில்லாத தட்டைத் தந்தி. தட்டினால் ‘தும்’ என்று விழுந்து அங்கேயே அடங்கிவிடும், நீண்டு பாடாது. இந்த இசைக்கு அதுதான் வேண்டுமாம்.

தாளில் ஸ்வரமும் இல்லை, கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) பெயரும் இல்லை. சுருதியிலிருந்து எத்தனையாவது என்று வெறும் எண்கள்: 1, 4, 5, மறுபடி 1. நாஷ்வில் ஸ்டுடியோக்களில் 1950களின் கடைசியில் பிறந்த முறை. பாடகருக்குத் தொண்டை சரியில்லை, சுருதியை இறக்கு என்றால் தாளைத் திருத்த வேண்டியதில்லை, எண் அதேதான். சா எங்கே வைத்தாலும் பா அதற்கு ஐந்தாவது என்று சின்ன வயதில் படித்தவனுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டேன்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. இந்தப் பாட்டில் பேஸுக்கு வேலை இரண்டு ஸ்வரம். முதல் அடிக்கு ‘சா’, மூன்றாவது அடிக்கு ‘பா’. இடையில் உள்ள இரண்டடி கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும். அவ்வளவுதான், பாட்டு முழுக்க. இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போவதைக் கேட்டு இந்த வாத்தியத்தை எடுத்தவன் நான். இரண்டாவது சரணத்திலேயே விரல் அரிக்க ஆரம்பித்தது. 4இலிருந்து 5க்குப் போகும்போது சின்னதாக ஓர் ஓட்டம் விட்டேன். நன்றாகவே விழுந்தது.

ஊம் பாட்டை நிறுத்தவில்லை. கிட்டாரை வாசித்தபடியே திரும்பி, வலக்கையைத் தந்தியிலிருந்து ஒரு கணம் எடுத்து, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு. முகத்தில் கோபமில்லை. மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இடைவேளையில் மாமாவிடம் முறையிட்டேன். “ஜனங்க ஜோடி ஜோடியா ஆடுவாங்க தம்பி. அவங்க காலு உன்னைத்தான் கேட்டுகிட்டு இருக்கும். நீ அலங்காரம் பண்ணினா அவங்க தடுக்கி வுழுவாங்க.”

அவர் கதை தனி. ஸ்பிரிங்பாக் ரேடியோவில் கேட்டு வந்த பைத்தியமாம் இது. ஜிம் ரீவ்ஸ் 1960களின் தொடக்கத்தில் இந்த நாட்டுக்கே வந்தார், ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலும் பாடிப் பதிவு செய்தார். அதனால் கன்ட்ரி இங்கே வெளியூர்ச் சரக்கு இல்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த மாமா முதல் ஸ்டீல் கிட்டாரைத் தானே செய்திருக்கிறார். இப்போது இருப்பது வாங்கியது: பத்துத் தந்தி, இடக்கையில் இரும்புக் கட்டை, காலுக்குப் பெடல், முழங்காலுக்கு நெம்புகோல். பெடலை மிதித்து அவர் ஒரு ஸ்வரத்தை இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போவதைக் கேட்டால், வீணைக்காரர்கள் எழுந்து உட்காருவார்கள். கமகம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். அந்த வார்த்தையே அவர் கேள்விப்பட்டதில்லை.

ஜூலை 13, வியாழன் – பிராம்ஃபான்டைன்

நேற்று எழுத ஒன்றும் இல்லை. குளிர், தூக்கம், பீன்ஸ் கறி.

இன்று மாமா நகரத்துக்குள் கூட்டிப்போனார். பிராம்ஃபான்டைன் கல்லறைத் தோட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை இருக்கிறது. எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்தின் பெயராகத்தான் எனக்கு அவரைத் தெரியும்; தீபாவளிக்கு போர்வை வாங்கப் போகிற இடம். அவர் பிறந்ததே ஜோகன்னஸ்பர்க்கில், 1898இல். காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்ததற்கு மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல், காய்ச்சலோடு விடுதலை, 1914 பிப்ரவரியில் இறக்கும்போது பதினாறு வயது. அதே தோட்டத்தில் அவருக்கு முன்பே போராடி இறந்த நாகப்பனும் இருக்கிறார். 1914 ஜூலையில் இந்த நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் காந்தி இங்கே வந்து இரண்டு நினைவுக் கற்களையும் திறந்து வைத்தார்.

எங்களைத் தவிர யாரும் இல்லை. மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர், கார் காவலுக்கு, வெளியே காத்திருந்தார். தெருவில் வண்டி நிறுத்தினால் இப்படி ஒருவர் பார்த்துக்கொள்வார். போகும்போது ஐந்து ராண்ட் கொடுக்க வேண்டும். ஒரு ராண்ட் நம் காசுக்கு நாலரை ரூபாய்க்குக் கிட்டே. மாமா பத்து கொடுத்தார். “சார், யாரைப் பார்க்க வந்தீங்க?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். “சொந்தக்காரப் பொண்ணு” என்றார் மாமா.

ஜூலை 14, வெள்ளி – பூங்கா

பள்ளி விடுமுறையின் கடைசி வாரம், அதனால் பூங்காவில் நல்ல கூட்டம். நகருக்குக் கிழக்கே, ஒரு ஏரிக்கரையில் இருக்கும் பழைய கேளிக்கைப் பூங்கா. ராட்சத ராட்டினம், மோதும் கார்கள், ஒரு ரோலர் கோஸ்டர். எங்கள் மேடை சரியாக ரோலர் கோஸ்டரின் முதல் இறக்கத்துக்குக் கீழே. இதை யோசித்தவர் யாரென்று தெரியவில்லை. மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை இருபது பேர் தலைக்கு மேலே அலறிக்கொண்டு போனார்கள், எந்தத் தாளத்துக்கும் கட்டுப்படாமல்.

சாமான் இறக்கும்போது மாமா ஏரிப் பக்கம் கம்பி வேலியைக் காட்டினார். “சின்னப் பையனா அந்த வேலிக்கு வெளியில நின்னு பாட்டுக் கேட்டிருக்கேன். உள்ள வெள்ளைக்காரங்க மட்டும்தான். அப்ப கோஸ்டர் இல்ல, நாலு ராட்டினம்தான்.” அப்படித் தனித்தனியாகப் பிரித்து வைத்த சட்டம் 1953இல் வந்தது, 1990இல்தான் போனது. சொல்லிவிட்டு, “அந்தப் பெட்டிய பாத்து எறக்கு, அதுல பெடல் இருக்கு” என்றார்.

ஆறு மணிக்கே ஒற்றை இலக்கக் குளிர். காற்று எண் தாள்களைத் தூக்கிக்கொண்டு போனதால் துணிக் கிளிப் போட்டோம். என் விரல்கள் மரத்துப்போய், தந்தியைத் தொட்டிருக்கிறேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பாடகி தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி, விரல் நுனிகளைக் கத்தரிக்கோலால் வெட்டி என்னிடம் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் வெட்டிவிட்டாள்.

எட்டு மணிக்கு, செயலி சொன்னபடியே, கரண்ட் போனது. கோஸ்டர் நின்றது, ராட்டினத்தின் உச்சியில் ஒரு குடும்பம் தொங்கியது. ஜெனரேட்டர் உறுமி எழ, எல்லாம் மறுபடி கிளம்பியது. கிளம்பியதோடு என் ஆம்ப்ளிஃபயரில் ஓர் இரைச்சலும் சேர்ந்துகொண்டது.

வாத்தியக்காரர்கள் இதை ரசிப்பார்கள். பேஸில் ஈ தந்தியின் மூன்றாவது கட்டம் ஜி, 49 ஹெர்ட்ஸ். மின்சாரம் இங்கேயும் நம்மூர் மாதிரி 50. அடுத்த பாட்டு ஜி சுருதியில். நான் ‘சா’வைத் தட்டும்போதெல்லாம் இரைச்சலும் ஸ்வரமும் ஒன்றோடொன்று உரசி, வினாடிக்கு ஒரு தடவை ‘வ்வூ… வ்வூ…’ என்று மேடைப் பலகையே பெருமூச்சு விட்டது. தாளம் ஒரு வேகம், இந்த ஊசல் ஒரு வேகம். காதைக் கேட்டு வாசித்தால் தடுமாறுவேன். அதனால் காதை விட்டுவிட்டு, முன்னால் ஆடிய கால்களைப் பார்த்தேன்.

மாமா சொன்னது அப்போதுதான் கண்ணுக்குப் பட்டது. சிமென்ட் தரையில் நாற்பது ஐம்பது ஜோடிகள், சாக்ஸும் பூட்ஸுமாக, பாட்டி தாத்தாவிலிருந்து பத்து வயசுப் பிள்ளைகள் வரை. கைகளை நீட்டிக் கோத்து, மொத்தக் கூட்டமும் ஒரே திசையில் மேடையைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கிழவர், மனைவியின் காலில் தன் காலை வைக்காமல் இருப்பதிலேயே கவனமாக, நான் ‘சா’ போடும் நொடியில் இடக்காலை ஊன்றினார். ‘பா’வுக்கு வலக்கால். ஒரு ‘பா’வை நான் அரை மாத்திரை தாமதமாகப் போட்டேன். அவர் கால் காற்றில் நின்றது. பார்த்தேன். அதற்குப் பிறகு எந்த ஓட்டமும் விடத் தோன்றவில்லை.

இரண்டு பாட்டு முடிந்த பிறகு ஒலிக் கருவிப் பையன் என் பக்கத்திலிருந்த டி.ஐ. பெட்டியில் (கிட்டாரை ஒலிக் கருவியோடு இணைப்பது) கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை, எர்த் இணைப்பைத் துண்டிப்பதை, கண்டுபிடித்து அமுக்கினான். இரைச்சல் சட்டென்று அறுந்தது. பொத்தான் என் காலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்திருக்கிறது.

இடைவேளையில் பூர்வோர்ஸ் ரோல், நாற்பத்தைந்து ராண்ட். கொத்தமல்லி விதை வாசனையோடு நீளமான மாட்டுத் தொத்திறைச்சி, ரொட்டிக்குள். மாடு தின்னாதவர்களுக்குப் பட்டைத்தூள் தூவிய பான்கேக், இருபது ராண்ட். வெங்காயச் சட்னி கேட்டால் தக்காளி போட்டு இனிப்பாக ஒன்றைத் தருகிறார்கள், அதை நான் மன்னிக்கவில்லை. அத்தை ஒரு டின் நிறைய மிளகாய்ப் பக்கோடா கட்டிக் கொடுத்திருந்தார். எனக்கு இரண்டு கிடைத்தது. மீதி முழுக்க ஊம்.

பத்து மணி வரை வாசித்தோம். ஒரே வால்ட்ஸை, மூன்றடித் தாள நடனப் பாட்டை, மூன்று தடவை கேட்டார்கள். அதில் முதலடிக்கு ஒரு ஸ்வரம்தான், அடுத்த இரண்டடிக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூன்றாவது தடவை ஊம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். மாமா அப்படித்தான் என்றார். டிரம்ஸ் வாத்தியார், அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது என்றார்.

ஜூலை 15, சனி – ஆக்டன்வில்

முழங்கை வரை வலி. இவ்வளவு குறைவாக வாசித்து இவ்வளவு வலித்ததில்லை.

காலையில் ஊம் பக்கோடா டின்னைத் திருப்பிக் கொடுக்க வந்தார். காலி டின்னாகக் கொடுக்கவில்லை, அவர் மனைவி சுட்ட ரஸ்க்கை நிரப்பியிருந்தார். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. உட்காரவைத்து டீ கொடுத்தார். பக்கோடா எப்படிச் செய்வது என்று ஊம் கேட்க, அத்தை அளவெல்லாம் சொல்ல, அவர் நேற்றைய எண் தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். கடலை மாவு இரண்டு கப். வெங்காயம். கீரை. பச்சை மிளகாய் எத்தனை என்ற கேள்விக்கு அத்தை ஒரு கணம் அவரை ஏற இறங்கப் பார்த்து, “உங்களுக்கு ரெண்டு போதும்” என்றார். மாமா சிரித்ததில் டீ மூக்குக்கு ஏறியது.

டிசம்பரில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது, வருகிறாயா என்று ஊம் என்னைக் கேட்டார். விமான டிக்கெட் விலையைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ரஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினார். டீயில் ரொம்ப நேரம் ஊறவைத்துத்தான் தின்ன வேண்டுமாம். அதைச் சொல்வதற்குள் நான் கடித்துவிட்டேன். இதை டர்பன் பஸ்ஸில் எழுதுகிறேன், கடைவாய்ப் பல் இன்னும் விண்விண்ணென்று தெறிக்கிறது.